அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு: 31 ஆம் நாளுக்குள் நினைவுமலர் தயாரிப்பது எப்படி

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் மறைந்தால், 31 ஆம் நாள் அந்தியேட்டி முடிந்து மதிய போசனத்துக்கு வருபவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது வழக்கம். அட்டையில் அவருடைய படம் இருக்கும். உள்ளே திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பிள்ளைகளின் இரங்கல், கடைசிப் பக்கத்தில் நன்றி. பழையவர்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். இப்போது பெரும்பாலும் நினைவுமலர் என்று அச்சிடுகிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்து அந்தியேட்டி வைத்தாலும் இந்தப் புத்தகத்தை விடவில்லை.

இதை முதல் தடவையாகத் தலையில் ஏற்கும் மகன், மகள், மருமகன், பெறாமகன் யாராக இருந்தாலும் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். உறவுக்குள்ளும் அயலுக்குள்ளும் பலருடைய மலர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பிழை பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. தோட்டம் செய்தவர், கடை வைத்திருந்தவர், கந்தோரில் கிளாக்காக இருந்தவர் போன்றோர் வாழ்ந்தார்கள் என்பதற்கு அச்சில் மிஞ்சப்போகும் ஒரே புத்தகம் பெரும்பாலும் இதுதான். பேரப்பிள்ளையின் பிள்ளை ஒருநாள் இதைத் திறக்கும்போது, ஒரு படமும் நாலு புகழ்ச் சொல்லும் மட்டும் கிடைக்கக் கூடாது. ஒரு மனிதர் கிடைக்க வேண்டும்.

நாட்களைப் பின்னிருந்து எண்ணுங்கள்

அந்தியேட்டி எந்தத் தேதி என்பதைக் குருக்களிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வெளிநாட்டில் மண்டபம் கிடைக்கும் நாளைப் பொறுத்து அது ஓரிரண்டு நாள் தள்ளிப்போவதும் உண்டு. அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். புத்தகம் மூன்று நாளுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அச்சகத்துக்கு ஐந்தாறு நாள் விடுங்கள். பக்க அமைப்புக்கும் பிழை பார்ப்பதற்கும் நாலு நாள். ஆக, எழுத்து முழுவதும் பதினெட்டாம் நாள் அளவில் கையில் இருக்க வேண்டும். முதல் வாரம் துக்கத்திலும் வந்தவர்களைக் கவனிப்பதிலும் போய்விடும். உண்மையில் உங்களுக்கு இருப்பது பத்து நாள்.

பொறுப்பு ஒருவரிடம் இருக்கட்டும். பிள்ளைகள் ஐந்து நாட்டில் இருந்தால் வட்ஸ்அப் குழு தானாகவே உருவாகிவிடும். ஆனால் கடைசிச் சொல் யாருடையது என்பதை முதலே பேசி வையுங்கள். நாலு பேர் நாலு பிரதியைத் திருத்தி அனுப்பி, எது கடைசிப் பிரதி என்று தெரியாமல் பழையது அச்சேறிய மலர்கள் உண்டு.

கடதாசிகளை ஒரு பையில் சேருங்கள்

பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, கல்யாண எழுத்துப் பத்திரம், நியமனக் கடிதம், ஓய்வூதியப் படிவம், மரண அத்தாட்சிப்பத்திரம், சாதகக் குறிப்பு. இவற்றை முதலில் தேடுங்கள். பத்திரிகைக்கும் இணையத்துக்கும் கொடுத்த மரண அறிவித்தலை நம்பி எழுதாதீர்கள். அது இறந்த இரவில், அழுத கண்ணோடு, தொலைபேசியில் சொல்லி எழுதியது. ஊர்ப் பெயரிலும் ஆண்டிலும் பிழை இருப்பதும், ஒரு மைத்துனரின் பெயர் விடுபட்டிருப்பதும் சாதாரணம்.

பிறந்த தேதிக்குப் பத்திரம் கிடைக்கவில்லையா? பழைய அடையாள அட்டை இலக்கத்தைப் பாருங்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருக்கும் அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 நாளாக வைத்தே எண்ணியிருப்பார்கள். 42074 என்று தொடங்கினால் 1942 மார்ச் 14. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதை மாற்றிச் சொன்ன காலம் அது. சாதகக் குறிப்பு வேறு தேதி சொன்னால் நான் சாதகத்தின் பக்கம்தான் நிற்பேன், அது பிறந்த கையோடு எழுதியது.

திதியும் வெண்பாவும்

திதி என்பது இறந்த நேரத்தில் நின்ற திதி. வருடப் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்ற நாலும் வேண்டும். பூர்வபக்கம் என்றால் வளர்பிறை, அபரபக்கம் என்றால் தேய்பிறை. ஒரு திதி ஏறத்தாழ 19 மணித்தியாலத்திலிருந்து 26 மணித்தியாலம் வரை நிற்கும். ஆகவே தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும்.

வெளிநாட்டில் இறந்தவர்களுக்கு இங்கேதான் பிழை நேர்கிறது. ரொறன்ரோவில் யூலை 19 மாலை ஏழு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் யூலை 20 அதிகாலை நாலரை. ஊர்ப் பஞ்சாங்கத்தை வைத்துப் பார்ப்பதானால் நேரத்தை முதலில் இலங்கை நேரத்துக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு திதி பின்னே போய்விடக்கூடும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் இடையில் திதி முடியும் நேரம் வேறுபடும். உங்கள் குடும்பம் எதைப் பின்பற்றுகிறது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, குருக்களிடம் காட்டி, ஒரே முடிவுக்கு வந்த பிறகு எழுதுங்கள். ஓராண்டு முடிவில் வரும் ஆட்டைத் திவசமும் அதற்குப் பிறகு ஆண்டாண்டுக்கு வரும் திவசமும் இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நடக்கப்போகின்றன.

திதியை வெண்பாவில் பதிவதற்குக் காரணம், அது மனப்பாடமாக நிற்கும் என்பதே. ஊரில் மரபுக் கவிதை தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கட்டாயம் இருப்பார். அவரிடம் போங்கள், விபரத்தை எழுதிக் கொடுங்கள். விசுவாவசு வருடம், ஆடி மாதம், தேய்பிறைத் தசமி என்று வைத்துக்கொண்டால் இப்படி வரும்:

ஆண்டு விசுவா வசுவினில் ஆடியின்
ஈண்டுதேய் பக்க எழில்தசமி – வேண்டும்
சிவனடி என்றே செபித்துவாழ் எந்தை
அவனடி சேர்ந்த தினம்.

முதல் மூன்று அடியில் நாலு நாலு சீர், கடைசி அடியில் மூன்று. அழகு பார்த்து ஒரு சொல்லை மாற்றினால் தளை தட்டும். எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் அச்சகத்தில் வைத்து எதையும் திருத்தாதீர்கள். வெண்பாவுக்குக் கீழே இருக்கும் மிச்ச இடத்தில் அதே விபரத்தை ஆங்கில மாதத் தேதியோடு உரைநடையிலும் போடுங்கள். ஒஸ்லோவில் வளரும் பேரனுக்கு அது வேண்டும்.

எட்டுச் செலவன்று கேளுங்கள்

எட்டாம் நாளை ஒட்டி, அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கும் எட்டுச் செலவு நாள்தான் நினைவுகளைச் சேர்ப்பதற்கு ஏற்ற நாள். குசினியில் பெரியம்மாவும் மாமியும் இருந்து, “அண்ணைக்கு ஒடியல் கூழுக்குள்ள நண்டு கூட வேணும்”, “இல்லை, அவர் கடைசிக் காலத்தில நண்டு தொடேல்லை” என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, நீங்களும் தேங்காய் துருவுங்கள். வைத்திருப்பதைச் சொல்லிவிட்டே வையுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள், ஐந்து நிமிடத்தில் மறந்தும் விடுவார்கள்.

கேட்க வேண்டியவர்களின் வரிசை எனக்கு இப்படி: முதலில் உயிரோடிருக்கும் மூத்த சகோதரம். சின்ன வயதுக் கதை அவரிடம் மட்டும்தான் இருக்கும், அவருக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது மச்சான்மார். அப்பா பிள்ளைகளிடம் சொல்லாததை மச்சானிடம் சொல்லியிருப்பார். பிறகு கூட வேலை செய்தவர்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலோ, ஆனையிறவு உப்பளத்திலோ, வாழைச்சேனைக் காகித ஆலையிலோ நின்றவர் என்றால், அந்தக் காலத்துக் குவாட்டஸ் வாழ்க்கையைச் சொல்ல இன்னும் ஒருவராவது எங்காவது இருப்பார். தேடிப் பிடியுங்கள். கடைசியாக அயலவர்.

“அவரைப் பற்றிச் சொல்லுங்கோ” என்று கேட்டால் “நல்ல மனுசன்” என்ற பதில்தான் வரும். சிறிதாகக் கேளுங்கள். காலையில் எழும்பி முதல் என்ன செய்வார்? யாரோடு கோபம் போட்டு, எப்படிச் சமாதானமானார்? முதல் சைக்கிளை எந்தக் காசில் வாங்கினார்? எதைக் கண்டால் வாய்விட்டுச் சிரிப்பார்? வீட்டில் எந்த வேலையை யாரையும் தொட விடமாட்டார்?

ஆண்டு கேட்டால் யாருக்கும் நினைவிராது. எங்கள் வாழ்க்கையில் ஆண்டுகளை நினைவுபடுத்த வேறு அடையாளங்கள் இருக்கின்றன. யாழ்தேவி ரயில் ஓடின காலமா, அது 1990 இல் நின்ற பிறகா? 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தியா? வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போன, சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராக இருந்த சிறிமா காலமா, அதாவது 1970 க்கும் 77 க்கும் இடையிலா? 83 கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்த போதா? இந்தியன் ஆமி நின்ற போதா? 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்கு முன்னா பின்னா? இப்படிக் கேட்டால் எண்பத்தைந்து வயது மாமியும் பட்டென்று பதில் சொல்வார். 95 இல் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில் அப்பா எதைத் தூக்கிக்கொண்டு நடந்தார் என்பதையும் கேளுங்கள். காணி உறுதிப் பையா, அப்பப்பாவையா, தையல் மெசினையா? ஒரு மனிதரைச் சொல்ல அந்த ஒரு விபரம் ஒரு பக்கத்துக்குச் சமம்.

எழுதும்போது

“பரோபகாரி”, “எல்லோருடனும் அன்பாகப் பழகுபவர்”, “எடுத்துக்காட்டான குடும்பத் தலைவர்” ஆகிய மூன்றும் நான் பார்த்த மலர்களில் பெரும்பாலானவற்றில் இருக்கின்றன. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பெயரை மாற்றினால் வேறு யாருக்கும் பொருந்தும். அந்தச் சொல்லை எழுதவைத்த செயலை எழுதுங்கள். “இரவில் யார் படலையைத் தட்டினாலும் செருப்பும் போடாமல் டோர்ச் லைட்டோடு இறங்கிப் போவார்” என்று எழுதினால் பரோபகாரி என்ற சொல்லே தேவைப்படாது. வாசிக்கும் அயலவர் “ஓம், எங்கட வீட்டுக்கும் வந்தவர்” என்று தலையாட்டுவார்.

கோபக்காரராக இருந்தால் கோபக்காரர் என்றே எழுதலாம், அந்தக் கோபம் எவ்வளவு நேரத்தில் ஆறும் என்பதையும் சேர்த்து. குடித்தார், கடன்பட்டார் என்பதையெல்லாம் அச்சிட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் குடித்தவரை “மதுவைத் தொடாத உத்தமர்” என்று எழுதிவிடாதீர்கள். அவரோடு வாழ்ந்தவர்கள் அந்த வரிக்குப் பிறகு மிச்சத்தையும் நம்பமாட்டார்கள், அவர் செய்த நல்லதும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

வாழ்க்கைக் குறிப்பு ஆறு ஏழு பக்கம் வரை போகலாம். தொழிலுக்கு ஒதுக்கும் இடத்தைவிட வீட்டுக்கு அதிகம் ஒதுக்குங்கள். பதவி உயர்வுகள் ஓய்வூதியக் கோவையில் இருக்கும். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த விதம் இங்கே மட்டும்தான் இருக்கும்.

அம்மாவின் பக்கம்

மனைவியின் புலம்பல் என்று ஒரு பாட்டை யாரிடமாவது எழுதி வாங்கிப் போடுவது வழக்கம். “ஆருயிர்த் துணையே” என்று தொடங்கும் அந்தப் பாட்டை அம்மா ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரா? என் வேண்டுகோள்: அம்மாவையே பேச வையுங்கள். முதல் வாரத்தில் கேட்காதீர்கள். இரண்டாம் வாரம், சனம் குறைந்த ஒரு பின்னேரத்தில், மகளோ பேத்தியோ பக்கத்தில் இருந்து கேட்கட்டும். “அவர் போனதிலயிருந்து ஆர் எனக்கு மருந்து எடுத்துத் தாறது” என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். இலக்கணத் தமிழுக்கு மாற்றாதீர்கள். அரைப் பக்கம் போதும். அம்மா வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் நினைக்கிறார்களோ அந்த மொழியிலேயே எழுதட்டும், பக்கத்தில் தமிழைக் கொடுங்கள். பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளையின் பெயரில் போடுவது பார்த்த உடனே தெரியும்.

உறவுப் பட்டியல்: இங்கே நிதானமாக

“இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும்” என்று தொடங்கி மக்கள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், சகலர், சம்பந்திகள், பேரர், பூட்டர் என்று போகும் பட்டியலைத்தான் எல்லோரும் முதலில் வாசிப்பார்கள். பெயர் விடுபட்டால் அந்த மனத்தாங்கல் அடுத்த தலைமுறைக்கும் போகும். பட்டியலை எழுதி முடித்ததும் அப்பா பக்கத்தில் ஒருவருக்கும் அம்மா பக்கத்தில் ஒருவருக்கும் அனுப்பி, வாசித்துச் சரி என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

வேண்டுமென்றே விடப்படும் பெயர்களும் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் கலியாணம் செய்த மகள், பிரிந்துபோன மருமகள், முதல் தாரத்துப் பிள்ளை. துக்க வீட்டில் இதைப் பற்றிக் கதைப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு தகப்பனின் வரலாற்றில் அவர் பெற்ற பிள்ளையை இல்லாமல் ஆக்கும் உரிமை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. பிரிந்த மருமக்களைப் பற்றி அந்த மகனோ மகளோ முடிவு செய்யட்டும், பேரப்பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும்.

போரில் இறந்த பிள்ளைக்குக் “காலஞ்சென்ற” என்று போடுகிறோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு அம்மாவைக் கேட்காமல் அப்படிப் போட்டுவிடாதீர்கள். 2009 இல் கையளித்த மகனை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் தாய் அந்தச் சொல்லை அச்சில் காணக் கூடாது. மற்றப் பிள்ளைகளைப் போலவே, வயது வரிசையில், அந்தப் பெயரும் வெறும் பெயராக நிற்கட்டும்.

பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதி, வீட்டு விலாசம், அடையாள அட்டை இலக்கம் எதையும் அச்சிடாதீர்கள். மலர்கள் இணையத்துக்குப் போகும் காலம் இது.

தோத்திரப் பகுதி

பஞ்சபுராண வரிசையில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்று எடுத்து, திருப்புகழும் வாழ்த்தும் சேர்த்தால் போதும். மலரின் பாதியைப் பாடலால் நிரப்ப வேண்டாம், அவை வேறு புத்தகங்களிலும் கிடைக்கும். உங்கள் ஊர்க் கோயிலின் ஊஞ்சற்பாட்டோ பதிகமோ இருந்தால் அதற்கு இடம் கொடுங்கள், அவை அருகிக்கொண்டு வருகின்றன. அவர் தினமும் பாடிய ஒரு பதிகம் இருந்தால் முதலில் அது. கிறிஸ்தவக் குடும்பங்கள் இந்த இடத்தில் அவர் விரும்பிய சங்கீதத்தையும் பாட்டையும் சேர்க்கலாம், மற்றப் படிகள் எல்லாம் ஒன்றுதான்.

படமும் அச்சும்

பழைய படங்களைத் தொலைபேசியால் படம் பிடித்து அனுப்பாதீர்கள். கடைக்குக் கொண்டுபோய் 600 டிபிஐயில் ஸ்கான் செய்து, மூலப் படத்தை அன்றே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அல்ல, டொக்கியுமென்டாக அனுப்புங்கள், அப்போதுதான் தரம் குறையாது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார், எங்கே, ஏறத்தாழ எந்த ஆண்டு என்று எழுதுங்கள். குழுப் படத்தில் இடமிருந்து வலமாகப் பெயர். இதை அம்மாவும் பெரியப்பாவும் இருக்கும்போது செய்யாவிட்டால் பிறகு யாராலும் செய்ய முடியாது.

ஏ5 அளவு, நடுவில் பின் அடிக்கும் கட்டு என்றால் மொத்தப் பக்கம் நாலால் பிரிபட வேண்டும். 32 பக்கம் நல்ல அளவு. ஊர் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான். நீங்கள் யூனிகோட்டில் தட்டச்சு செய்து கொடுத்தால் மாற்றும்போது கொம்புகள் இடம் மாறும், ஸ்ரீ போன்ற எழுத்துகள் கெட்டுப்போகும். ஆகவே, தட்டச்சு செய்த கோப்பில் பிழை பார்த்தது போதாது. அச்சகம் தரும் பக்கத்தைத் தாளில் எடுத்து மறுபடியும் பாருங்கள். ஒருவர் மூலப் பிரதியை உரத்து வாசிக்க, மற்றவர் அச்சுப் பக்கத்தைப் பார்ப்பதுதான் நல்ல முறை. பெயரையும் தேதியையும் தனியாக இன்னொரு தடவை. அட்டையை மறந்துவிடாதீர்கள், உள்ளே எல்லாம் சரியாக இருந்து அட்டையில் பிறந்த ஆண்டு பிழைத்துப்போவது நடக்கிறது.

நன்றிப் பக்கத்தில் மலர்வளையம் வைத்தவர்களையும் அனுதாபச் செய்தி அனுப்பிய சங்கங்களையும் எழுதுவோம். அதோடு, கடைசி மாதங்களில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய தாதி, இரவில் துணைக்குப் படுத்த அயல் பெடியன், பாடை கட்டியவர்கள், பறை முழக்கியவர்கள், சுடலையில் இறுதி வரை நின்றவர்கள் ஆகியோரையும் எழுதுங்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்த மலரிலும் வந்ததில்லை. மலரையும் ஒருவரையும் விடாமல் அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கொடுத்த பிறகு

வருவார்கள் என்று எண்ணும் தொகைக்கு மேல் ஐம்பது பிரதி கூட அடியுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து, ஊர் வாசிகசாலைக்கு இரண்டு, அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனம் நினைவு மலர்களையும் சேர்க்கிறது. ஒரு பிரதியையோ மின்பிரதியையோ அங்கே கொடுங்கள். ஊர் வரலாறு எழுதுபவர்களுக்கு இந்த மலர்களில் உள்ள உறவு விபரமும் தொழில் விபரமும் வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஒலிப்பதிவுகளை அழிக்காதீர்கள். யார் பேசுகிறார், எந்தத் தேதி என்று கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு பேர் வீட்டில் இரண்டு இடத்தில் வையுங்கள். மலர் வந்த பிறகு தொலைபேசிகள் வரத் தொடங்கும்: “தம்பி, அந்தப் படத்தில நிக்கிறது நான் இல்லை, எங்கட அண்ணன்”, “கொப்பர் கிளிநொச்சிக்குப் போனது அறுபத்தெட்டில இல்லை, அதுக்கு முந்தி”. கைப்பிரதி ஒன்றை மேசையில் வைத்து, வருகிற திருத்தம் ஒவ்வொன்றையும் ஓரத்தில் பேனையால் எழுதி, சொன்னவரின் பெயரையும் போடுங்கள். ஆட்டைத் திவசத்துக்கு முன்பு மின்பிரதியைத் திருத்தி எல்லோருக்கும் அனுப்பலாம்.